பழியெல்லாம் குரங்குக்கு

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிற வீடுகளில் நடந்த அத்தனை அக்கிரமங்களுக்கும் ஒரே குற்றவாளிதான் உண்டு. குரங்கு. விசாரணை நடத்தித் தீர்ப்பும் சொன்னவர் புல்லு பாய். அந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீலுக்குப் போன குரங்கு இதுவரை ஒன்றுகூடக் கிடையாது.

அவருக்கு வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அது தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. என் போனில் இன்றைக்கும் ‘புல்லு பாய்’ என்றுதான் இருக்கிறது. வீட்டு முற்றங்களில் போட்டிருக்கிற செயற்கைப் புல் கிழிந்தாலோ, ஒட்டு விட்டாலோ, உருகினாலோ வந்து சரிபண்ணித் தருவது அவர் தொழில். வளைகுடா நாட்டுப் பங்களாக்களில் அந்தப் புல்லை விரித்தும் ஒட்டியும் சீவியும் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு ஊர் திரும்பினார். திரும்பி வந்து பார்த்தால், அங்கே அவர் விரித்த புல்லைப் பார்த்து வாயைப் பிளந்த நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் அதையே இங்கேயும் விரித்து வைத்திருந்தார்கள். விரித்துக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். கிழிந்தால் கேட்க நாதி இல்லை. பாய் ஒரு மொபெட்டில் இரண்டு பசை டப்பாவைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

எங்கள் வீடு இலஞ்சியில் இருக்கிறது. சாரல் காலத்தில் இங்கே மண்ணைச் சும்மா விட்டால் போதும், முழங்கால் உயரத்துக்குப் புல் தானாக வரும். பிடுங்கிப் போடத்தான் ஆள் கிடைக்காது. அப்பேர்ப்பட்ட ஊரில், மஸ்கட்டில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் தன் முதலாளி வீட்டு முற்றத்தைப் பார்த்து மயங்கிப் போய், லீவில் வந்த கையோடு கொல்லைப்புறத்தில் இருந்த நல்ல புல்லை எல்லாம் வழித்தெடுத்துவிட்டு, ஜல்லி கொட்டி, மணல் பரப்பி, பச்சைப் பிளாஸ்டிக்கை விரித்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். விரிப்பதற்கு அவருக்கு லீவு இருந்தது. கட்டி மாரடிக்க நான் இருந்தேன்.

என் மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, அந்தப் புல்லைக் கண்டாலே ஆகாது. “தென்காசி சுத்துவட்டாரத்துல புல்லக் கடையில வாங்குன குடும்பம் நம்ம குடும்பந்தான். நேத்து ஒரு மாடு வந்து மோந்து பாத்துட்டு நம்மளக் கேவலமாப் பாத்துட்டுப் போவுது” என்பார்.

பாயை எனக்குக் காட்டிக்கொடுத்தவள் என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஒரு டீச்சர். இலத்தூர்க்காரி. அவள் வீட்டிலும் இதே பச்சை விரிப்பு உண்டு. ஒரு நாள் தன் மாமியார் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, ரீல்ஸ் எடுக்கிறேன் என்று அடுப்பில் இருந்த ஆப்பச்சட்டியை அப்படியே தூக்கிவந்து புல்லின் மேல் வைத்துவிட்டாள். வீடியோ நன்றாக வந்தது. சட்டியை எடுத்தால் அடியில் வட்டமாக ஒரு கருகல். பாயை வரச்சொல்லி அவர் வேலையை ஆரம்பிப்பதற்குள் மாமியார் வந்து நின்றுவிட்டார்.

“என்ன பாய் இது, ஆப்பம் சுட்ட மாதிரி வட்டமா இருக்கு?”

“குரங்குதான்க்கா.”

“குரங்கு வட்டமாவா பிய்க்கும்?”

“நாலஞ்சு சேந்து வந்திருக்கும். கூட்டம் போடுதப்ப அது வட்டமாத்தான் உக்காரும்.”

“கருகிப் போயில்லா கெடக்கு.”

“கூட்டத்துல சண்ட வந்திருக்கும்க்கா. குரங்குக்குக் கோவம் வந்தா ரொம்பச் சூடு.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லையாம். டீச்சர் என்னிடம் சொன்னாள்: “அவரக் கூப்பிடுட்டி. அவரு வந்தா புல்லும் பொழைக்கும், நாமளும் பொழைப்போம்.”

அப்படித்தான் வந்தார். குள்ளமான ஆள். முட்டியில் பழைய டயரை வெட்டிக் கட்டியிருப்பார். வீட்டுக்குள் வந்ததும் ஆட்களைப் பார்க்க மாட்டார். நேரே புல்லுக்குப் போய்க் குப்புறப் படுத்து, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். எழுந்து உட்கார்ந்த பிறகுதான் வீட்டில் உள்ளவர்களை வரிசையாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு யார் முகம் வெளுக்கிறதோ அந்த ஆள்தான். பாய்க்கு விளங்கிவிடும். விளங்கிய மறு நொடியே அந்த ஆளிடமிருந்து கண்ணை எடுத்துவிடுவார். எதிரே இருக்கிற மலையைப் பார்த்துக்கொண்டு, “குரங்கு” என்பார். கையோடு டீ கேட்பார். “டீ குடிச்சாத்தான் பசை பிடிக்கும்” என்பது அவருடைய சட்டம். கொடுக்கத் தாமதமானால் பசை டப்பாவைத் திறக்கவே மாட்டார்.

பொய் சொல்வதில் அவர் எவ்வளவு தாராளமோ, புல் ஒட்டுவதில் அவ்வளவு கஞ்சத்தனம். கிழிந்த இடத்தை உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக வெட்டி எடுப்பார். அந்த இடத்தில் புதுப் புல்லை வைக்கவே மாட்டார். மோட்டார் ரூம் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், யார் கண்ணும் படாத மூலையில் இருந்து அதே அளவு ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வருவார். “புதுசக் கொண்டாந்து நடுவுல வச்சா கல்யாணமான மறுநா பொண்ணு மாதிரி தனியாத் தெரியும். வெயில்ல காஞ்சது பக்கத்துல வெயில்ல காஞ்சதுதான் நிக்கணும்” என்பார். துண்டை வைக்கும் முன்னால் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பூனைக்கு முடி படிகிற மாதிரி இந்தப் புல்லுக்கும் ஒரு பக்கச் சாய்வு உண்டு. துண்டின் சாய்வும் சுற்றியிருக்கிற புல்லின் சாய்வும் ஒன்றாக இருந்தால் ஒட்டு எங்கே என்று ஒட்டியவராலேயே கண்டுபிடிக்க முடியாது. மாறிவிட்டால் போச்சு. அந்த இடம் மட்டும் ஈரம் பட்ட மாதிரி கருத்துத் தெரியும்.

தென்காசியில் ஒரு டாக்டர் வீட்டில் வேறு யாரோ ஒருவர் அப்படித் திருப்பி ஒட்டிவிட்டுப் போயிருந்தார். பாய் அந்த வீட்டுக்குப் போனது வேறு வேலைக்கு. அந்தத் துண்டைப் பார்த்ததும் வந்த வேலையை விட்டுவிட்டு, யாரும் கேட்காமலே அதைப் பிய்த்து நேராக வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்தார். “அத அப்படியே விட்டுட்டு வந்தா எனக்குச் சோறு எறங்காது தங்கச்சி” என்று என்னிடம் பெருமை அடித்துக்கொண்டார். அவர் பெருமை அடிப்பதற்கும் குறைச்சல் இல்லை.

குற்றாலத்தில் வாடகைக்கு விடுகிற ஒரு வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுச் சொத்து. சீசனில் அண்ணன்காரர் தம்பிக்குத் தெரியாமல், அருவிக்குப் போகிற ஆட்களை முற்றத்தில் படுக்கவைத்து எண்ணெய் மசாஜ் பண்ண விட்டிருக்கிறார். எண்ணெய் இறங்கிப் புல் முழுக்கப் பிசுபிசுத்து, நடந்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டது. தம்பி பாயைக் கூட்டிவந்து காட்டினார். அண்ணன் தூணோடு தூணாக நின்றார்.

“குரங்கு எங்கயோ எண்ணெப் பாட்டிலத் தூக்கிட்டு வந்து கவுத்திருக்கு” என்றார் பாய்.

“ஏன் பாய், குரங்கு எண்ணெ தேச்சுக் குளிக்குமா?”

“குற்றாலத்துக் குரங்குல்லா. தெனமும் இதத்தான பாத்துக்கிட்டு இருக்கு.”

அண்ணனும் தம்பியும் இன்றைக்கு வரைக்கும் ஒரே உலையில் சாப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்ததுண்டு. எங்கள் வீட்டில் நடக்கும் வரைக்கும் சிரித்தேன்.

என் மாமனார் தென்காசியில் இரும்புக்கடை வைத்திருந்தவர். ஆணி விற்றதைவிட அதிகமாகச் சிகரெட் பிடித்தவர். நெஞ்சில் அடைப்பு வந்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்து, இனி ஒரு சிகரெட் பிடித்தாலும் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்த பிறகு, கோயிலில் வைத்துக் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினார். பக்கத்தில் நின்ற அத்தை அந்த இடத்திலேயே தன் பங்குக்கு ஒரு சத்தியம் பண்ணினார்: “அவுக சிகரெட்ட விட்டுட்டாக. நான் காப்பிய விட்டுட்டேன். ரெண்டுல எது திரும்பி வந்தாலும் மத்ததும் வரும்.”

அத்தை காப்பியை விடுவது என்றால் என்ன என்று அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் முதல் டம்ளர் உள்ளே போகும்வரை அவர் யாருடனும் பேசியதில்லை. காப்பி நின்ற பிறகு விடியற்காலையிலேயே பேச ஆரம்பித்தார். பாத்திரங்களுடன் பேசினார், காகத்துடன் பேசினார், பெரும்பாலும் என்னுடன் பேசினார். பக்கத்து வீட்டில் டிக்காஷன் இறங்குகிற நேரத்தில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். சாத்திவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பார். அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். கற்பூரம் அணைத்தவர் மாமா. அவஸ்தை அத்தைக்கு. வசவு எனக்கு.

அந்த நிலைமையில்தான் ஒரு நாள் கொல்லைப்புறப் புல்லில், கொய்யா மரத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கருப்பு ஓட்டை தெரிந்தது. கண்டுபிடித்தவர் அத்தை. நான் பாயைக் கூப்பிட்டேன். வந்தார், படுத்தார், மோந்தார், எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். மாமா துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

பாய் மலையைப் பார்த்தார். “குரங்கு.”

“குரங்கு எப்படி பாய் சுடும்?” என்றார் அத்தை.

“ரோட்டுல எவனோ குடிச்சுட்டுப் போட்ட பீடிய அணையாம எடுத்துட்டு வந்திருக்கும்க்கா. அதுக்கு என்ன தெரியும் பாவம்.”

அத்தை நம்பிவிட்டார். நம்பியதோடு நிற்காமல், கடைத்தெருவுக்குப் போய் ஒரு உண்டிவில் வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். அந்த மாதம் முழுவதும் எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு வந்த குரங்குகள் செய்யாத தப்புக்கு அடி வாங்கின. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நல்லவேளை, அத்தைக்குக் குறி சரியாக வராது. அடி வாங்கியதில் பாதி எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான்.

இரண்டாவது ஓட்டை வந்தது. பாய் வந்தார், ஒட்டினார், குரங்கு என்றார். அன்றைக்கு நான் அடுப்பங்கரை ஜன்னல் பக்கம் நின்றேன். அத்தை உள்ளே போனதும் பாய் தலையைத் தூக்காமலே மாமாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

“அண்ணாச்சி, மொத தடவ குரங்கு. ரெண்டாவதும் குரங்குன்னு சொல்லிட்டேன். இப்படியே போனா குரங்குக்கு நெஞ்சு வலி வந்துரும்.”

மாமா, “ஒண்ணே ஒண்ணுதான் பாய், சாப்பிட்ட பெறகு” என்றார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அந்தக் குரல். எனக்குத் தலை கொதித்தது. கேட்டில் வைத்துப் பாயைப் பிடித்துக்கொண்டேன்.

“பாய், இது ஆப்பச்சட்டி வெவகாரம் இல்ல. உயிர். நீங்க அத்தகிட்ட உண்மையச் சொல்லுங்க.”

“நீ சொல்லேன் தங்கச்சி.”

நான் எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்கு அப்புறம் என்னை வேலைக்கு அனுப்பக் கூடாது என்று வீடே நின்றபோது எனக்காகப் பேசிய ஒரே மனுஷர் மாமா. அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. முதல் ஓட்டையிலேயே சந்தேகப்பட்டு மஸ்கட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னதற்கு என் வீட்டுக்காரர், “எங்கப்பா கற்பூரம் அணச்சவரு, அப்படிச் செய்ய மாட்டாரு” என்று எனக்கே பாடம் எடுத்தார். இதைப் பாயிடம் சொன்னேன். அவர் மொபெட்டை ஸ்டார்ட் பண்ணாமல் நின்றார்.

“நான் ஒரே ஒரு தடவ உண்மையச் சொன்னவன் தங்கச்சி. அங்க வேலைல இருக்கும்போது. அரபி வீட்டுப் புல்லுல பீடி விழுந்து ஓட்ட. யாருன்னு என்னயக் கேட்டான். கூட வேல பாத்தவன், நம்ம கடையம் ஊர்க்காரன், புதுசாக் கல்யாணம் ஆயி வந்தவன். அவன்தான்னு சொல்லிட்டேன். திட்டிட்டு விட்டுருவான்னு நெனச்சேன். அடுத்த பிளைட்டுல ஏத்தி விட்டுட்டான்.”

“அதுக்காக?”

“அந்த ஊர்ல குரங்கு கெடையாதே தங்கச்சி. இங்க இருக்குல்லா. ரெண்டு பேரச் சேத்து வைக்கச் சொல்லுத பொய் பொய்யில சேராதுன்னு எங்க வாப்பா சொல்லுவாரு.”

“சேத்து வச்ச ஆள்ல ஒருத்தர் போய்ச் சேந்துட்டா?”

அவர் குனிந்து மொபெட்டை ஸ்டார்ட் பண்ணினார்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அத்தை போன் பண்ணினார். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, இடது கை வலிக்கிறது என்றார். ஆட்டோவில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு அத்தை, “நான் காப்பிய நெனச்சிட்டேன், அதான் இப்படி ஆயிட்டு. நேத்து பக்கத்து வீட்டுல வாசன வந்தப்ப நெனச்சிட்டேன்” என்று அழுதார். மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அந்த டிரிப்ஸ் பாட்டிலைக் கழற்றி அவர் மண்டையில் போடலாமா என்று இருந்தது. இந்த முறை தப்பினார். அடுத்த முறைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கொய்யா மரத்தடியில் மூன்றாவது ஓட்டை. பாயை நான் கூப்பிடவில்லை. மாமாதான் கூப்பிட்டார். குரங்குக்கு வக்கீல் வைக்கிற அவசரம் அவருக்கு.

பாய் வந்தார். ஆஸ்பத்திரிக் கதையை அத்தை ஒன்று விடாமல், தான் காப்பியை நினைத்த பாவம் உட்பட, சொன்னார். பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் குப்புறப் படுக்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. நான் டீ கொண்டுபோனேன். “இன்னைக்கு வேண்டாம் தங்கச்சி” என்றார். டீ குடிக்காமல் அவர் பசை டப்பாவைத் திறந்ததை யாரும் பார்த்ததில்லை.

“பழைய ஒட்டு ரெண்டும் லேசாத் தூக்கியிருக்கு. அதையும் சேத்து மாத்திருதேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தூக்கியிருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. தொட்டிக்கு அடியிலிருந்து துண்டுகளை வெட்டிவந்து மூன்று இடத்திலும் ஒட்டினார். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். மாமா எதிர்பார்ப்போடு நின்றார். பாய் மலையைப் பார்த்து, “குரங்கு” என்றார். சொன்ன மாதிரியே இல்லை, ஒப்பித்த மாதிரி இருந்தது. மொபெட்டில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் அத்தை வழக்கம்போல் முருங்கைக்கீரையும் முறமுமாகக் கொல்லைப்புற வாசலில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நிமிர்ந்தால், பச்சைப் பரப்பில் மூன்று சதுரம் ஈரம் பட்ட மாதிரி கருகருவென்று தெரிந்தது. மூன்றும் திருப்பி ஒட்டியிருந்தது.

உடனே போன் போட்டேன். “என்ன பாய் வேல பாத்திருக்கீங்க? மூணு துண்டும் சாய்வு மாறிக் கெடக்கு.”

“அப்படியா தங்கச்சி? வயசாயிட்டுல்லா. கை தப்பிட்டு.”

“மூணுமா தப்பும்?”

“மூணும் ஒரே கைதான தங்கச்சி. வாரேன். பசை காயட்டும், வந்து பாக்கேன்.”

வரவில்லை. மறுபடி போன் பண்ணினால் புளியரையில் வேலை, செங்கோட்டையில் வேலை, பசை ஸ்டாக் இல்லை. இவ்வளவு நாள் ஊருக்கெல்லாம் சொன்ன பொய்யை இப்போது எனக்கே சொல்கிறார் என்று நான் வைத வசவு அவர் காதுக்கு எட்டியிருந்தால் மொபெட் கவிழ்ந்திருக்கும். மாமாவுக்கு என்னைவிட அவசரம். “அந்தப் பாய்க்கு வேலையே தெரியாதும்மா. வேற ஆளக் கூப்பிட்டுச் சரிபண்ணு” என்று என் பின்னாலேயே நடந்தார்.

அத்தை மட்டும் யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. கீரை ஆய்கிறபோதெல்லாம் அந்த மூன்று சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டு ஒழுங்காக இருந்தவரை ஓட்டை எங்கே இருந்தது என்றே எங்களுக்கு மறந்துபோகும். இப்போது மறக்க வழியில்லை. மூன்றும் கொய்யா மரத்தடியில் பக்கம் பக்கமாக, சின்னதாக ஒரு வளைவில் இருந்தன.

ஒரு நாள் மாமா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அத்தை எழுந்து, சுவரோரம் சாத்தி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அத்தை உள்ளே படுத்திருக்கிற மத்தியான நேரத்தில் மாமா நிழலில் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நாற்காலி அது. அத்தை அதை நிழலில் போட்டு உட்கார்ந்தார். வலது கையைக் கீழே தொங்கவிட்டார். விரல் நுனி நடுச் சதுரத்தைத் தொட்டது. கையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார், பின்னால் நகர்த்தினார். மற்ற இரண்டும் கைக்கு எட்டின. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை எழுந்து, நாற்காலியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ச் சாத்தினார். உண்டிவில்லை எடுத்துப் பரணில் போட்டார். என்னிடம், “சோத்துக்கு ஒலை வச்சியாட்டி?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் நான் விழித்ததே வாசனையில்தான். எங்கள் வீட்டுக்குள்ளேயே டிக்காஷன் வாசனை. ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தை பழைய பித்தளை ஃபில்டரைத் தேடி எடுத்துக் கழுவி, தூள் வாங்கி வைத்து, காப்பி போட்டுவிட்டார். டம்ளரில் நுரை வர ஆற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். நாற்காலியை மரத்தடியில் போட்டு, அந்த மூன்று சதுரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் கேட்க உறிஞ்சினார்.

பல் தேய்க்க வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். கையில் பிரஷ், வாயில் நுரை.

“ஏட்டி, என்ன இது, காப்பியா? யாரு போட்டா?”

அத்தை இன்னொரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். “குரங்கு போட்டுக் குடுத்திச்சு.”

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாயில் இருந்த நுரைதான் வந்தது. அத்தை திட்டவில்லை, அழவில்லை. அதுதான் மாமாவை உலுக்கிவிட்டது. வாயைக்கூடக் கொப்பளிக்காமல் நேரே மோட்டார் ரூமுக்குப் போனார். புல்லுக்குத் தூவி மிச்சம் வைத்திருந்த மணல் மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து நாற்காலியின் காலடியில் வைத்தார். வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரியில காப்பிய நெனச்ச பாவம்னு அழுதேன்” என்றார் அத்தை. “நீங்க கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டுக் கெடந்தீய.”

“ஆமா” என்றார் மாமா. கண்ணில் இருந்து தண்ணீர் வந்தது. இரும்புக்கடைக்காரர் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அத்தை டம்ளரில் மிச்சமிருந்த காப்பியைக் கொய்யா மரத்தின் வேரில் ஊற்றிவிட்டு உள்ளே போனார். பாக்கெட்டை நான் எடுத்து அடுப்பில் போட்டேன்.

அதற்குப் பிறகு ஓட்டை விழவில்லை. அத்தை மறுபடி காப்பி இல்லாமல் விடியற்காலையில் பாத்திரங்களோடு பேச ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது அந்த மூன்று துண்டையும் பார்த்து முகம் சுளித்து, மதுரையிலிருந்து ஆள் கூட்டிவருகிறேன் என்றார். “அதத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்” என்றார் அத்தை. மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இப்போதும் சாயங்கால வெயிலில் அது தெரிகிறது. மாமா அந்தப் பக்கம் நடந்தால் சுற்றிக்கொண்டு போகிறார்.

பாயை அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் பெரிய பையோடு நின்றார். முட்டி போய்விட்டது, இனி குனிய முடியாது, புனலூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் அன்றைக்குக் குடிக்காமல் விட்ட டீயைத்தான் வாங்கிக் கொடுப்பதாக எனக்கு நினைப்பு. மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். டம்ளரை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

“பாய், ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லணும். அந்த மூணு துண்டையும் வேணும்னுதான திருப்பி ஒட்டுனீங்க?”

என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். கண்ணை எடுத்து, எதிரே இருந்த மலையைப் பார்த்தார்.

“நான் நேராத்தான் வச்சேன் தங்கச்சி” என்றார். “நீங்க அங்கிட்டு இங்கிட்டு போன சமயம் பாத்து, குரங்கு வந்து திருப்பி வச்சிட்டுப் போயிருக்கும்.”